ப்ரீடாவின் தோசைக்கல்லைச் சோதித்துத் தரக் கோரி

அனுப்புநர்
ஃபின்டன் டர்கன்,
தூண்டில் கடை, பாலத்தடி,
பாலினா, மேயோ மாவட்டம், அயர்லாந்து.

பெறுநர்
உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
மேயோ மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர் ‘பச்சைக்கதவு’ இந்திய உணவகத்தின் சமையலறையை உடனே ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ப்ரீடாவுக்குச் சீலியாக் நோய். கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிப் படுத்துவிடுவாள். நோய் தெரிந்த அன்றே வீட்டிலிருந்த மாவையெல்லாம் கோழிகளுக்குக் கொட்டினேன். நானும் ரொட்டியை விட்டேன். ஞாயிறுதோறும் அரிசி மாவில் அவளுக்கு நானே ரொட்டி சுடுகிறேன். “நல்லாத்தான் இருக்கு” என்பாள், பாதியை வைத்துவிடுவாள்.

2. சென்ற வசந்தத்தில் அவள் பிறந்தநாளுக்கு மேற்படி உணவகத்துக்குப் போனோம். பயந்துகொண்டு வெறும் சோறு கேட்டாள். கேரளத்துச் சமையல்காரர் ஷிபு தாமே வெளியே வந்து, “தோசையில கோதுமையே கிடையாதுங்க. அரிசியும் உளுந்தும்தான். உங்களுக்குத் தனிக்கல்லு வெச்சுச் சுடுறேன், பயப்படாம சாப்பிடுங்க” என்றார். ப்ரீடா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். விரலை நக்கினாள். “இத்தனை நாளா எங்கய்யா போயிருந்தே நீ!” என்றாள். அது தோசையைப் பார்த்துச் சொன்னது. கல்யாணமான நாள் முதல் என்னைப் பார்த்து அவள் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

3. அதன்பின் வியாழன்தோறும் அங்கேதான். போகும்போது உதட்டுச்சாயம் வேறு. எனக்கு வயிறு எரிந்தது ஐயா, மறைப்பதற்கில்லை.

4. போன வியாழன் சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெருங்காய டப்பா. அதன்மேல் ‘கோதுமை மாவு கலந்தது’ என்று அச்சிட்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது எனக்கு. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று, எங்கள் பங்குத்தந்தை உட்பட அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். ஷிபு குரலை உயர்த்தவில்லை. “அது மத்தவங்க சாம்பாருக்கு சார். உங்க வீட்டம்மா சாம்பார்ல பெருங்காயமே போடுறதில்ல, முதல் நாள்லேருந்தே. நம்பிக்கை இல்லேன்னா அதிகாரி வந்து பாத்து எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் அவங்களுக்கு நான் சுடமாட்டேன்” என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டார்.

5. காரில் ப்ரீடா, “கெடச்ச ஒரு வாய்லயும் மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி மனுஷா” என்றாள். இந்த ஞாயிறு என் ரொட்டியை முழுவதும் சாப்பிட்டாள், ஒரு வார்த்தை சொல்லாமல். பாதி வைத்த நாட்களில்கூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

6. ஆகவே ஐயா அவர்கள் வரும் வியாழனுக்குள் மேற்படி சமையலறையைப் பார்வையிட்டு, கல், கரண்டி, மாவு எல்லாம் சுத்தம் என்று எழுதித் தர வேண்டுகிறேன். அந்தத் தாளை நானே கொண்டுபோய் ஷிபுவிடம் கொடுத்து, அதே கூடத்தில் நின்று மன்னிப்பும் கேட்பேன். அவர் மறுபடி கல்லைக் காயவைத்தால் போதும்.

7. குறை எதுவும் இருக்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும், ஜன்னலில் தூசி, விளக்கு மங்கல் என்பதுபோல் யார் உடம்புக்கும் கெடுதல் இல்லாத சின்னக் குறை ஒன்றாவது தங்கள் கண்ணில் பட்டால், சான்றிதழில் எழுதாமல், எனக்கு மட்டும் தனியாகச் சொல்லி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பாலினா
நாள்: அக்டோபர் 14

வியாழனை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
ஃபின்டன் டர்கன்