நீங்கள் போட்டுவிட்ட சடை

உங்கள் காக்கிச் சட்டையைத் துவைக்கலாம் என்று இன்றைக்குத்தான் எடுத்தேன். பையில் சீப்பு இருந்தது. போன மாசம் கிளம்பிய அன்றைக்கு வேறு சட்டை மாற்றிக்கொண்டு லாரி எடுத்ததால் இதிலேயே தங்கிவிட்டது. டீசலும் தேங்காய் எண்ணெயும் கலந்த உங்கள் வாடை. சீப்பின் பல்லில் நீளமாக ஒரு முடி சுற்றிக் கிடந்தது. நம் மகளுடையது. சட்டையைத் துவைக்காமல் மடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

பர்மாவிலிருந்து நம் சனங்களைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. மெட்ராஸுக்கு லோடு கொண்டு போன நீங்கள், நாமக்கல் திரும்பும்போது ஒரு பெண் குழந்தையோடு வந்தீர்கள். ஐந்து வயது இருக்கும். அப்பனும் அம்மாவும் ரங்கூனிலேயே காய்ச்சலில் போய்விட்டார்களாம். கூட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பிழைக்க வழியில்லாமல் உங்களிடம் ஒப்படைத்தார்களாம். "இனி இது நம்ம புள்ள" என்று சொல்லி இறக்கி விட்டீர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் மடி காலியாக இருந்தவள், ஓடி வந்து கையை நீட்டினேன். அவள் உங்கள் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இரட்டைச் சடை. சிக்குப் பிடித்து, பேன் ஊறிக் கிடந்தது. எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் கிட்டே போனதும் இரண்டு கையாலும் சடைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ அம்மா போட்ட சடை. கப்பல்லயும் யாரையும் அவுக்க உடலையாம். இருக்கட்டும் உடு" என்றீர்கள்.

நான் விடவில்லை. பிள்ளை கிடைத்தால் முதல் முடி தருகிறேன் என்று கொல்லிமலை அடிவாரத்துக் குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தேன். "சாமி காரியத்தத் தள்ளிப் போடக் கூடாதுங்க" என்றேன். "மொதல்ல புள்ள பழகட்டும்" என்றீர்கள். "மொட்டை அடிச்சாத்தானுங்க நம்ம புள்ளையாகும்" என்று அழுதேன். சாமி பேரைச் சொன்னேனே தவிர, மலடி என்று என்னை ஒதுக்கி உட்கார வைத்த சொந்தமெல்லாம் வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. வந்த வாரமே கூட்டிக்கொண்டு போனோம்.

சேந்தமங்கலம் தாண்டியிருக்கிற அந்தக் கோயிலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நாவிதர் தண்ணீர் தெளித்ததும் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீழே விழுந்த சடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவர் கூட்டித் தள்ளும்போது கண்ணும் கூடவே போனது. நான் தலை நிறையச் சந்தனம் பூசி, எல்லோரும் பார்க்க இடுப்பில் தூக்கினேன். இரண்டு கையையும் என் நெஞ்சில் ஊன்றித் தள்ளினாள். உங்கள் அக்கா சிரித்தார். "ஏம்புள்ள, சாமி ஏத்துக்கிச்சு, புள்ள இன்னும் உன்னைய ஏத்துக்கலையாட்ட இருக்குது." சுற்றிலும் சிரிப்பு. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் நீங்கள் போய்ப் பலகையில் உட்கார்ந்தீர்கள்.

"எனக்கும் எடுங்க. மீசையையும்."

நாவிதர் கத்தியை வைத்துவிட்டார். "ஏனுங்க டிரைவரே, அப்பா அம்மா நல்லாத்தான இருக்கறாங்க? மீசையை எடுத்தா எழவு ஊட்டுக்காரருன்னு நெனைப்பாங்களே."

"நெனைக்கட்டும். எடுங்க."

தினம் மூன்று தடவை சீவுகிற கிராப்பு அது. என் விசேஷத்தைக் கெடுத்தீர்கள் என்று பஸ்ஸில் திரும்பும் வரைக்கும் நான் உங்களோடு பேசவில்லை.

தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டம்மா பதறி வந்தார். "ஏஞ்சாமி, மீசையில்லாம வாரியே, யாரு போனது?"

நீங்கள் குழந்தையைக் காட்டினீர்கள். "இவ அப்பனும் ஆத்தாளுமுங்க. அவிகளுக்கு மொட்டை போட அங்க ஆளில்லீங்க."

அந்தம்மா உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து, துக்க வீட்டில் செய்வதுபோல, உங்கள் தலையில் ஊற்றினார். குழந்தை உங்கள் ஈரத் தலையைத் தடவிப் பார்த்தது. பிறகு தன் தலையைத் தடவியது. வந்ததிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். பொங்கல் தூக்கோடு நான் நின்ற இடம் இன்னும் அந்த வாசலில் எனக்குத் தெரிகிறது. பெற்றவர்களைப் பறிகொடுத்த குழந்தையை வைத்து விசேஷம் கொண்டாடிவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு சோற்றுக்கு வந்தாள், காய்ச்சலுக்கு என் மடியில் படுத்தாள், அம்மா என்றாள். தலையை மட்டும் என்னிடம் தரவில்லை. முடி வளர வளர, லாரி கிளம்புமுன் நீங்கள்தான் உங்கள் சீப்பால் சீவிச் சடை போட்டீர்கள். தண்ணிக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, எங்களுக்கும் ஒரு சடை போட்டு உடுங்க" என்று கேலி செய்வார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருப்பேன்.

போன மாசமும் அப்படித்தான் போட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். வழியில் நெஞ்சு வலித்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தீர்கள் என்று கிளீனர் சொன்னான்.

அந்தச் சடையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. காரியம் முடிந்த அன்று உங்கள் அக்கா கத்தரிக்கோலோடு வந்தார். "சமைஞ்சு நிக்கப் போற புள்ள, தல நாறுது. சிக்கு எடுக்க முடியாது, கத்தரிச்சு உடு."

நான் நடுவில் போய் நின்றேன். "இருக்கட்டும் உடுங்க. அவ அப்பா போட்ட சடை."

உங்கள் வாய்ச் சொல்லை நான் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கதவுக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரிக்குதா சாமி?" என்றேன்.

"அரிக்குதுங்மா. இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றேன் நானும். என் கை தானாக அவள் தலைப் பக்கம் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஒற்றை முடியைக்கூட எடுக்காமல், உங்கள் சீப்பை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். அவள் சீப்பைக் கேட்கிற அன்றைக்கு அவிழ்ப்பேன்.