கட்டிக்காக நேர்ந்த கிடா

இன்று காலை ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். கழுத்தில் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவியதும் எனக்கு உன்மீதுதான் கோபம் வந்தது. செத்துப்போய் ஒன்றரை வருடமான ஒருவனை ஸ்கேன் மேசையில் படுத்துக்கொண்டே திட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்கும் கட்டிதான். உனக்கிருந்த அதே தைராய்டு கட்டி, அதே வலது பக்கம்.

உன் கட்டியைக் கண்டுபிடித்தவர் சலூன்காரர். மோவாயை நிமிர்த்திச் சவரம் செய்தவர், "அண்ணே, எச்சிய முழுங்குங்க. இங்கன ஒரு உருண்டை ஏறி எறங்குது" என்றாராம். நீ சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாய். "தைராய்டுங்கிறது பொம்பளைக சமாச்சாரம்ல மாப்ள. அதுலயும் வாலிநோக்கத்து உப்பளத்துக்காரனுக்கு வருமா?" தைராய்டுக்கு வேண்டிய அயோடின் உப்புப் பாத்தியில் விளைவதில்லை, பிறகு ஆலையில் கலக்கிறார்கள் என்பது இருபது வருடமாக அங்கே எடைமேடையில் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று முதல் சோற்றில் உப்பைக் கூடுதலாகப் போட்டுப் பிசைந்தாய். பிரஷர் மாத்திரை தின்கிறவன் செய்கிற வேலையா அது?

அத்தனை உப்பு லாரிகளை எடை போட்டு அனுப்பியவன் ஒரு நாளும் தன்னை எடை போட்டுக்கொண்டதில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாய். பத்து மணிக்கு வடை, நாலு மணிக்கு டீயும் பன்னும், ராத்திரி பரோட்டா. சர்க்கரை கூடியிருக்கிறதே என்றால், "சும்மா பார்டர்தான், போடா" என்பாய். அந்தப் பார்டரை நீ தாண்டி வெகுநாளாகியிருந்தது.

கழுத்தில் ஊசி குத்தி எடுத்த சோதனைக்கு முடிவு வரும்வரை மட்டும் ஆடிப்போயிருந்தாய். புற்றுநோய் என்று உன் வாயில் வராது. "அது" என்பாய். "அது இல்லன்னு வந்துட்டா கருப்பருக்கு ஒரு கிடா வெட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டாய். முடிவு கேட்க என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாய். உன் மனைவி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

"கட்டி பயப்படுற மாதிரி இல்லைங்க, ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. "எனக்குப் பயமெல்லாம் உங்க தொப்பையும் சுகரும் கொழுப்பும் பிரஷரும்தான். இதெல்லாம் இருக்கிற ஆம்பளைங்ககிட்ட இந்த மாதிரிக் கட்டியைக் கூடுதலாப் பாக்குறோம். இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கட்டி சும்மா இருந்தாலும் இதுங்க சும்மா இருக்காது. கறியை, பரோட்டாவைக் குறைங்க. தினமும் நடங்க. இதயத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க."

நீ முதல் வாக்கியத்திலேயே எழுந்துவிட்டாய். வெளியே வந்ததும் உன் மனைவி என்னிடம்தான் கேட்டாள். "என்னண்ணே சொன்னாக?" அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நீ என்னைப் பார்த்து, வேண்டாமென்று தலையை ஆட்டினாய்.

"ஒண்ணுமில்லையாம்மா" என்றேன். அவள் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

கறியைக் குறை என்றதற்குக் கிடா வெட்டிக் கொண்டாடியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அன்றைக்குப் பந்தியில் பரிமாறியவன் நான். உன் இலையில் இரண்டாம் முறையும் கறியை அள்ளி வைத்தேன். நீ போதும் என்று சொல்லவில்லை, எனக்கும் கை நிற்கவில்லை.

அதன்பிறகு எதைக் கேட்டாலும் உன்னிடம் ஒரே பதில்தான். நடக்கப் போவோமாடா? "கட்டிதான் ஒண்ணுமில்லன்னுட்டாகளே." டெஸ்ட் எடுத்தாயா? "ஏலே, கட்டிதான் ஒண்ணுமில்லன்னுட்டாகளே." எட்டு மாதம் இதையே கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போனது. ஒருநாள் அந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயுதான், ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்றாயாம். சோடா வருவதற்குள் முடிந்துவிட்டது. கட்டி பாவம், கடைசிவரை உன்னை ஒன்றும் செய்யவில்லை.

இன்று எனக்கும் ஏறக்குறைய அதே பேச்சுதான். கட்டியைப் பற்றிப் பயம் வேண்டாம், சுகரும் எடையும்தான் சரியில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் பரோட்டாக் கடைக்கும் எனக்குமான உறவை அந்த இடத்திலேயே முறித்துவிட்டாள். சொல்வதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் உன் மனைவி இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள், "ஒண்ணுமில்லன்னுதானண்ணே சொன்னாக, பெறகு எப்படி?" நான் விதி என்கிறேன். அவளுக்குத் தெரிந்திருந்தால் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த டெஸ்டை எடுக்க வைத்திருப்பாள், உன் இலையைப் பாதியிலேயே மடக்கியிருப்பாள். நீ தலையை ஆட்டினாய், சரி. நான் எதற்கடா வாயை மூடினேன்?