பொடிசு உட்கார்ந்திருந்த இருபது நிமிடம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, பொடிசு, நான் மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? போன தடவை பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய், கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள்தான் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். அவர் மட்டும் என்னவாம், ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரி பண்ணுகிற மனுஷன், லிஃப்ட் ஓடாத கட்டிடமாகப் பார்த்துப் பதினொரு மாடி ஏறிவிட்டு வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியிலேயே ‘விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிடுவாய், நானும் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் மாதிரி விட்டுவிடுவேன். இந்தத் தடவை விடக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி, நடுவில் எனக்குச் சமாதானம் சொல்லாதே.

பொடிசு திங்கட்கிழமை கிளம்புகிறாள். காலேஜ் கிடைத்தது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அங்கே கூடைப்பந்து கோர்ட் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் போட்டிருக்கிறாள். இது எனக்கு அப்பா சொல்லித் தெரிந்தது. எல்லாமே இப்போது அப்பா வழியாகத்தான். நான் பக்கத்திலேயே நிற்கும்போது ‘என் டவல் எங்கன்னு அம்மாவக் கேளுங்கப்பா’ என்கிறாள், அவரும் பாவம் என் பக்கம் திரும்பி, டவல் எங்கே என்கிறார். ஏழு வாரமாக இந்தக் கூத்து. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாளே என்று பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம், இன்றைக்கு நம் வீட்டு வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற ஒரே ஆள் அவள்தான். அப்படிக் குனிந்து என்னைக் கடந்து போகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

எல்லாம் நான் கோச்சாக நின்ற அந்தக் கடைசிப் பள்ளிக்கூட மேட்சில் வந்தது. ஜெயித்தோம் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். என்னுடைய முப்பது கணக்கு உனக்குத் தெரிந்திருக்காது, நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு வந்த சட்டம் அது. பாதி ஆட்டத்தில் நாம் முப்பது புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தால், ஆரம்பத்தில் இறங்கிய ஐந்து பேரும் உட்கார்ந்துவிட வேண்டும், மிச்ச ஆட்டம் முழுக்க பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளுக்கு. எட்டு வருஷமாக ஒரு தடவைகூட மாற்றியதில்லை. இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? நன்றாக ஆடுகிற பெண்ணின் அப்பா அம்மா வந்து, செலக்‌ஷனுக்கு ஆள் வந்திருக்கும்போது எங்கள் பெண்ணை மூலையில் உட்கார வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று சண்டை பிடிப்பார்கள். பெஞ்சில் இருக்கிற பெண்ணின் அம்மாவோ வருஷத்தில் அந்த ஒரு மேட்சுக்குத்தான் வருவாள், மகள் பந்தைத் தொட்டதும் அழுவாள். நம் அப்பா என் கட்சி, ஆனால் அவர் நியாயமே வேறு. ஜெயித்த ஆட்டத்தில் ஓடுகிற ஓட்டமெல்லாம் ஆளே இல்லாத மாடிக்கு லிஃப்டை விடுகிற மாதிரி, தேய்மானம்தான் மிச்சம் என்பார். அவருக்கு உலகமே கம்பியும் கப்பியும்தான்.

அன்றைக்குப் பாதி ஆட்டத்தில் ஐம்பத்திரண்டுக்குப் பதினொன்று. எதிர் டீம் பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள், பொடிசு கையை உயர்த்தினால் அவர்கள் வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஸ்கோர் எழுதுகிற கணக்கு டீச்சர், உனக்கும் பாடம் எடுத்தவள்தான், மேஜையை விட்டு எழுந்து வந்து என் காதோடு, ‘டீச்சர், பொடிசு இந்த வருஷக் கணக்குல முன்னூத்திப் பதிமூணுல நிக்கிறா. பெரியவளோட ரெக்கார்டு முன்னூத்திப் பதினெட்டு. ஆறு எடுத்தாப் போதும், ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க’ என்றாள். சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டு ஐந்து பேரையும் உட்காரச் சொன்னேன். நாலு பேர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். பொடிசு மட்டும் என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கும் கணக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் அதுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம் என்பதும் தெரியும். கோர்ட்டில் என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், நீ கூப்பிட்ட மாதிரியே. அன்றைக்கு மட்டும் ‘அம்மா, ரெண்டே நிமிஷம்’ என்றாள். கோர்ட்டில் நான் உனக்கு அம்மா இல்லை என்று சொல்லி அனுப்பினேன். விசில் ஊதுகிற வாய்தானே, இதமாக ஒரு வார்த்தை எங்கே வரப்போகிறது.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருக்கிறாள், மூன்று வருஷமாகப் பந்து பொறுக்கிப் போடுவதைத் தவிர ஒன்றும் செய்ததில்லை, அவள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது எப்படியோ உள்ளே விழுந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கத்தியது பொடிசுதான். ஆட்டம் முடிந்ததும் டவலைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஹெச்.எம். என் பெயரைச் சொல்லி, பெற்ற பெண்ணுக்கே சலுகை காட்டாத ஆசிரியை என்று பாராட்டினார். எண்ணூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். தோற்ற டீமின் கோச் மட்டும் மேட்ச் அன்றைக்கே கிளம்பும்போது என்னிடம் வந்து, ‘நீங்க மரியாதைன்னு நெனச்சு செஞ்சீங்க. எங்க பொண்ணுங்க ஒரு மாசமா உங்க பொண்ணைத் தடுக்கத்தான் பழகினாங்க. தோக்கறது எங்களுக்குப் புதுசில்ல டீச்சர், பாவம் பாக்கறீங்களே, அதைத்தான் தாங்க முடியல’ என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்காகச் செய்தேன் என்று சொன்னேனோ அவர்களுக்கே அது வேண்டியிருக்கவில்லை.

பொடிசு வீட்டில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதுவும் அப்பாவிடம். ‘அக்காவ மட்டும் ஏன் உக்கார வெக்கல?’

இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. உன்னுடைய முன்னூற்றிப் பதினெட்டில் நாற்பத்து நாலு ஒரே மேட்சில் எடுத்தது, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நாம் அறுபது புள்ளி முன்னால் இருந்தோம். நான் உன்னை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்றால், நீ ஆடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, வேறு காரணமே கிடையாது. எதிர் டீமில் ஒல்லியாக ஒரு பெண், ஷூ பெரிதாக இருந்து உள்ளே காகிதம் திணித்துக்கொண்டு ஆடினாள், அவள் ரெஃப்ரியிடம் போய், ‘சார், இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?’ என்று கேட்டாள். அழக்கூட இல்லை, சும்மா கேட்டாள். அது என் மண்டையில் ஏறிக்கொண்டு இறங்கவே இல்லை, அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தைப் போட்டேன். ஆக, நான் தப்பு பண்ணியது உன் ஆட்டத்தில், அதற்காகப் போட்ட சட்டத்தில் மாட்டிக்கொண்டது அவள். நீ இதற்காக வருத்தப்படாதே, ஆடச் சொன்னால் ஆடத்தான் செய்வாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஏதோ நியாயஸ்தி மாதிரி இருப்பேன். நிஜம் அது இல்லை. கணக்கு டீச்சர் வந்து காதில் சொன்னபோது என் கண் எங்கே போனது தெரியுமா? கோர்ட் சுவரில் இருக்கிற ரெக்கார்டு பலகைக்கு. நீ வேலைக்கென்று ஊரை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட வர முடியவில்லை, உன் வேலை அப்படி, நான் குறை சொல்லவில்லை. உன் உடுப்பெல்லாம் யார் யாருக்கோ போய்விட்டது, உன் அறையில் பொடிசு இருக்கிறாள், உன் சைக்கிளைக்கூட அப்பா கொடுத்துவிட்டார். தினமும் காலையில் கோர்ட்டைத் திறக்கும்போது மஞ்சள் பெயிண்டில் உன் பெயர் இருக்கும், ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் விசிலை எடுப்பேன். இன்னும் ஆறு புள்ளி போனால் பெயிண்டர் வந்து அதை அழித்துவிடுவான் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. சட்டம் என் கைக்கு வாகாக இருந்தது, எடுத்து அவள்மேல் வீசிவிட்டேன். அன்றைக்கு நான் எந்தப் பிள்ளைமேலும் இரக்கப்படவில்லை. என் வயிற்றில் பிறந்த ஒருத்தியின் பெயரை அழியாமல் வைத்துக்கொள்ள இன்னொருத்தியைக் கீழே தள்ளினேன். நீயோ அந்தப் பலகை இன்னுமா இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுச் சிரித்தவள், உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது தெரிந்தும் செய்தேன்.

நேற்று மத்தியானம் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இங்கே எழுதியிருப்பதைவிட மோசமாக, திக்கித் திக்கி. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, சாதாரணமாகத்தான் சொன்னாள். ‘அக்காவத் தினம் பாக்கணும்னு அந்தப் பலகையப் பாத்தே, சரி. நானும் தினம் அங்கதானம்மா நின்னேன். என்னப் பாத்திருக்கலாமே.’ அப்புறம் பெட்டி மூட மாட்டேங்குது என்றாள். நான் போய் மேலே உட்கார்ந்தேன், அவள் சுற்றி வந்து ஜிப்பை இழுத்து மூடினாள். அவ்வளவுதான் நடந்தது.

நீ அவளைக் கூப்பிட்டு எனக்காகப் பரிந்து பேசாதே. அந்த ரெக்கார்டு எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றும் சொல்லிவிடாதே, அவள் பிச்சை வாங்குகிறவள் இல்லை. அறை எப்படி இருக்கிறது, கூட இருக்கிற பெண் குறட்டை விடுகிறாளா என்று கேள், போதும். உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், நோயாளிகளுக்குச் செய்கிற புண்ணியம் உன்னைச் சுற்றி நின்று காக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஷிப்ட் போக உனக்கு மிஞ்சுகிறது ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஃபோனில் பேசுகிற அந்தக் கால் மணி நேரம்தான் என்று எனக்குத் தெரியும். அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வருகிற ஞாயிறிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டாம். அந்தக் கால் மணி நேரத்தையும் அவளுக்கே கொடுத்துவிடு. ஹாஸ்டல் நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா