இருபத்தெட்டு மில்லிமீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா புது வாஷிங் மெஷினோடு தினமும் மல்லுக்கு நிற்கிறாள். எனக்குப் பல்செட் வந்துவிட்டது, பல் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டாக்டருக்கு உதவியாளராக இருந்தவனுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். உனக்கு வாய் சரியாகத் திறக்காதது சின்ன வயதிலிருந்தே இருந்ததா, நடுவில் வந்ததா, அதைப் பொறுத்துத்தான் வைத்தியம் என்று உன் டாக்டர் கேட்டதாகச் சொன்னாய். ஞாபகம் இல்லையம்மா என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்போது உனக்குப் பதினோரு வயது. வளரும் பிள்ளைகளுக்கு வாய் எவ்வளவு திறந்தால் சரி என்று கணக்கெடுக்க எங்கள் டாக்டர் என்னைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகச் சொன்னார், மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ்ப்பல் விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். கை பழகட்டும் என்று முதலில் உன்னைத்தான் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்தேன். இருபத்தெட்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். நல்லாத் தொறடி அழுத்தக்காரி என்று அதட்டினேன், இவ்ளோதாம்ப்பா வருது என்று அழுதாய். மறுநாள் பள்ளியில் உன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் நாற்பதைத் தாண்டித் திறந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உனக்கு வீம்பு என்றே நினைத்தேன். ஆப்பிளை மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தால்தான் தின்பாய், அதையும் சொகுசு என்றேன். முன்னூறு பிள்ளைகளின் வாயைப் பார்த்தவன் என் பிள்ளை வாயால் சொன்னதை நம்பவில்லை.

அன்று அளவுகளைக் குறித்து வைத்த நோட்டு பீரோவில்தான் இருந்தது. முதல் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், தேதி போட்டிருக்கிறது, டாக்டரிடம் காட்டு. எண்ணுக்குப் பக்கத்தில் ஒத்துழைக்கவில்லை என்று என் கையெழுத்தில் இருக்கும், அதை மட்டும் அவர் நம்ப வேண்டாம் என்று சொல். நீ மூன்று தடவையும் முடிந்த மட்டும் திறந்தாய்.

கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்கிக்கொள், மறந்துவிடாதே. வைத்தியம் பலித்து நீ ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்ன வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். திட்டுவதென்றால் போன் பண்ணித் திட்டு, இந்தத் தடவை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன்.

உன்
அப்பா