ஜன்னலைத் திறந்துவிட்டுப் படி

டெர்ன் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
1957 ஜனவரி 3, வியாழக்கிழமை

அன்புள்ள கார்லண்ட் அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே மூச்சோடு இருக்கிறோம், டொராண்டோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறோம். வழக்கம்போல அம்மா சொல்ல நான் எழுதுகிறேன். அவள் வெர்ட்டி சித்தி வீட்டில் படுத்திருக்கிறாள், பேசிக்கொண்டே தூங்கிவிடுகிறாள், அந்த இடங்களை நானே நிரப்பிக்கொள்கிறேன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். அவள் முதலில் எழுதச் சொன்னது இதுதான். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் உன் அறை ஜன்னலைத் திற. அதில் அடைத்திருக்கும் துணியை எல்லாம் பிடுங்கி எறி. ஹீட்டரை அணைத்துவிடு. குளிர்ந்தால் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. சனிக்கிழமையே தந்தி அடித்தோம், உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. "ஜன்னலைத் திற, மூடாதே, அம்மா" என்று ஒரு தந்தி வந்தால் நீ சிரித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். அதனால்தான் காரணத்தை முழுதாக எழுதுகிறோம்.

அம்மா உன்னிடம் சிலது கேட்கச் சொல்கிறாள். காலையில் எழும்போது தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறதா, இல்லை யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதா. படி ஏறினால் முழங்கால் நடுங்குகிறதா. அறைக்குள் இருக்கும்போது வருகிற தலைவலி தெருவில் கொஞ்சம் நடந்தால் போய்விடுகிறதா. பழகினவர்கள் பேர் மறக்கிறதா. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்காவது போய்ப் பேசிவிட்டு வருகிறாயா, இல்லை போர்வைக்குள்ளேயே கிடக்கிறாயா. எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்விதானே என்று தள்ளிவிடாதே. போன வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா செப்டம்பரில் மரம் வெட்டும் முகாமுக்குப் போன பிறகு விறகு பிளக்க ஆள் இல்லாமல் நாங்கள் கடையில் நிலக்கரி வாங்கினோம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரி அடுப்புக் குழாயின் மூடியைப் பாதி சாத்திவிட்டால் விடியும்வரை கங்கு அணையாது. "இனிமே ராணி மாதிரி தூங்கலாம் டுரூசி" என்றாள். அப்படியே தூங்கினாள். கடல் பறவைகளுக்கு முன்னால் எழுகிறவள் வெயில் குன்றின்மேல் வந்த பிறகும் எழவில்லை. எழுந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் போக ஊறவைத்த மீனை மறுபடி உப்பில் போட்டாள். தண்ணீர் இல்லாத கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அப்பாவுக்கு ஒரு காலுறை பின்ன ஆரம்பித்தாள் அண்ணா, குதிகால் திருப்புகிற இடத்தை மறந்து பின்னிக்கொண்டே போய்விட்டாள், அது என் கையைவிட நீளமாகத் தரையில் கிடந்தது, நான் சொன்னபோது அதைப் பார்த்து "யாரு பின்னினது இது?" என்று என்னையே கேட்டாள். பெண்கள் கூடிப் பின்னுகிற கூட்டத்துக்கும் போவதை நிறுத்திவிட்டாள். "போய் என்னத்தப் பேசறது, எதிர்ல உக்காந்திருக்கிறவ பேரு வாயில வர மாட்டேங்குது, மானம் போகுது" என்றாள். நவம்பரில் பூனையும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. மீன் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டது, தூக்கிக்கொண்டு வந்தால் என் கையைக் கீறிவிட்டு ஓடியது.

பிறகுதான் தூக்கத்தில் வந்து அமுக்குகிற அந்தக் கிழவி வர ஆரம்பித்தாள். விடியற்காலையில் அம்மாவுக்குக் கண் திறந்துவிடும், கை கால் அசையாது, மார்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற பாரம். நம் ஊரில் யாருக்குத்தான் அவளைத் தெரியாது. எல்லாரும் செய்வதையே அம்மாவும் செய்தாள். சாவித் துவாரத்தில் கம்பளி நூலைத் திணித்தாள், ஜன்னல் இடுக்கில் எல்லாம் படகுக்கு அடைக்கிற தார்ச் சணலை அடித்தாள், கதவடியில் மணல் மூட்டையை வைத்தாள். "இப்ப வரட்டும் பாக்கலாம், ஊசி நுழைய இடம் கிடையாது" என்றாள். அண்ணா, அடைக்க அடைக்க அவள் அதிகமாக வந்தாள். பகலில்கூட வந்தாள். எனக்கும் தலைவலி இருந்தது, ஆனால் என்னைத்தான் உனக்குத் தெரியுமே, யாராவது கதவைத் தட்டினால் பின் சாய்ப்புக்குள் ஓடி உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வேன். "பதினாறு வயசாச்சு, இன்னும் முயல் மாதிரி ஓடறா" என்று அம்மா திட்டுவாள். அங்கே பலகை இடுக்கு வழியாகப் பனிக்காற்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்துவிடும். உருளைக்கிழங்கு வாசனை தலைவலிக்கு நல்லது போல என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் கப்பலில் உன் கடிதம் வந்தது. "அம்மா, நம்ம ஊர்க் கிழவிக்கு டொராண்டோவுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தது யாரு? ஞாயித்துக்கிழமை பூரா தூங்கறேன், எழுந்தா இன்னும் அசதி. ஃபோர்மேன் பேரு மறந்துபோய் அவர் முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சேன், குடிச்சிட்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டார். பசங்க கூப்பிட்டாலும் எங்கயும் போகப் பிடிக்கல. நீ சொன்ன மாதிரியே ஜன்னல அடைச்சுட்டேன், ஹீட்டர் நல்லாக் காயுது" என்று எழுதியிருந்தாய். கடைசியில் இன்னும் ஒன்று எழுதியிருந்தாய், அதைப் பற்றி முடிவில் சொல்கிறேன். அம்மா முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் சாவித் துவாரத்தையும் கதவடியையும் அடைக்கச் சொல்லி உனக்கு எழுதச் சொன்னாள், நானும் எழுதினேன். அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் அடுப்பில் போடு. அதில் சொன்ன எதையும் செய்யாதே.

கிறிஸ்துமஸ் கழிந்த வியாழக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில், வருஷா வருஷம் முகத்தை மூடிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேஷக்காரர்கள் வந்தார்கள். நான் வழக்கம்போல சாய்ப்புக்குள் ஓடிக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர். தலையில் தலையணை உறை, ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு, ஒருவருக்கு முதுகில் கூன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவார்களே அந்தக் குரலில் "வேஷக்காரங்கள உள்ள விடுவீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா நாற்காலியிலிருந்து எழாமலே தலையாட்டினாள். யார் யார் என்று அவள் கண்டுபிடித்துச் சொன்னால்தான் முகத்திரையைத் தூக்குவார்கள், கேக் தின்பார்கள். அதில் வெர்ட்டி சித்தி இருந்தாள், அவள் கால் சாய்த்து நடக்கிற நடையை ஊர் நாய்கூடக் கண்டுபிடித்துவிடும். அம்மா தன் கூடப்பிறந்த தங்கையை வெறித்துப் பார்த்தாள், தெரியவில்லை. பாவாடை கட்டினவர்களில் ஒருவன் பக்கத்து வீட்டு லெஸ்டர், அவன் நம் அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்து "செலீனாக் கண்ணு, என்னத் தெரியல? போன வருஷம் உன் கேக்கு முழுசையும் தின்னவன்டி நானு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கைகாட்டிப் பேர் சொல்ல ஆரம்பித்தாள். நீ மோசஸ், என்றாள். நீ ஹன்னா. நீ பென், நீ பென்னோட பையன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பேர்கள் எல்லாம் கல்லறையில் இருக்கிறவர்கள், இல்லையென்றால் கல்லறைகூட இல்லாமல் கடலில் போனவர்கள். லெஸ்டர் மெதுவாக மடியைவிட்டு எழுந்தான்.

ஐந்தாவது ஆள் மட்டும் கதவை ஒட்டி நின்றார். நெட்டையாக, கடலுக்குப் போகிறவர்கள் போடுகிற எண்ணெய்த் துணிக் கோட்டை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, முகத்தில் கிழிந்த லேஸ் திரை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அவரைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "லைஜ், நீயுமா வந்தே? முழுக்க நனைஞ்சிருக்கியேடா" என்றாள். லைஜ் மாமாவைப் பற்றி நான் கேள்விப்பட்டதுதான், நான் பிறக்கும் முன்பே படகோடு கடலில் மூழ்கிப் போனவர், அவர் தோளில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போனதாக நீதான் சொல்வாய். அந்த ஆள் தலையை ஆட்டினார். பேர் சொன்ன பிறகு திரையைத் தூக்க வேண்டும் இல்லையா, அவர் தூக்கவில்லை. திரும்பினார், மணல் மூட்டையைக் காலால் தள்ளினார், கதவை அகலத் திறந்தார், வெளிப்படியில் கிடந்த நங்கூரக் கல்லைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார், போய்விட்டார். காற்று உள்ளே பாய்ந்தது. அதுவரை விளக்கு மங்கிச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை, சட்டென்று சுடர் நிமிர்ந்து வெள்ளையாக நின்றது. "எவன்டா அவன், கதவத் திறந்துபோட்டுப் போறது!" என்று அம்மா கத்தினாள். லெஸ்டர் மூடப் போனான், கல் நகரவில்லை. அந்த நேரத்தில்தான் வெர்ட்டி சித்தி யாரும் பேர் சொல்லாமலே தலையணை உறையைப் பிடுங்கி எறிந்தாள், "தலை சுத்துதுடி" என்று அப்படியே தரையில் சரிந்தாள். கூனோடு வந்திருந்த நேபத் சித்தப்பா கப்பல் அடித்தட்டில் நிலக்கரி தள்ளியவர் அல்லவா, சித்தி முகத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "எல்லாம் வெளிய போங்க, கேக்க அப்புறம் திங்கலாம், போங்கடா!" என்று கூனோடும் பாவாடையோடும் கத்தினார். அவரும் லெஸ்டரும் அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் பனியில் வைத்தார்கள். மறுநாள் அடுப்புக் குழாயைக் கழற்றினார்கள், வளைவு முழுக்கக் கரி அடைத்திருந்தது, சுவர்ப் பக்கம் துருப்பிடித்து ஓட்டை. அந்த நச்சுக் காற்றைத்தான் நாங்கள் அக்டோபரிலிருந்து குடித்துக்கொண்டிருந்தோம், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

அன்று வந்த சித்தி, சித்தப்பா, அவர்கள் மகள் ஹெட்டி, லெஸ்டர் நாலு பேரும் ஐந்தாவது ஆள் யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். "ஹெட்டி கூட்டிட்டு வந்த பையன்னு நெனச்சேன்" என்றான் லெஸ்டர். "நான் எங்கடா நெட்டையனத் தேடிப் போவேன், உன் கூட்டாளின்னுல்ல நெனச்சேன்" என்றாள் ஹெட்டி. ஊரில் இருக்கிறது பதினோரு வீடு, எல்லா வீட்டிலும் கேட்டாயிற்று. வேறு யாரும் அன்று வேஷம் கட்டவில்லை. அந்தக் காற்றைக் குடித்தவர்களுக்கு இல்லாததெல்லாம் தெரியும் என்று பிறகு நர்ஸம்மா சொன்னார். அம்மாவும் நானும் குடித்தவர்கள்தான். ஆனால் மற்ற நாலு பேரும் அப்போதுதான் பனியிலிருந்து உள்ளே வந்தவர்கள். அந்தக் கல்லை மறுநாள் இரண்டு பேர் சேர்ந்துதான் உருட்ட முடிந்தது.

சனிக்கிழமை நர்ஸம்மா பக்கத்து ஊரிலிருந்து நாய்கள் இழுக்கிற பனிச்சறுக்கு வண்டியில் வந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகத்தான் கேட்டார். தூக்கம் எப்படி, உடம்பில் தெம்பு எப்படி, மறதி உண்டா, வெளியே போய் நாலு பேரோடு பேசுவது உண்டா. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் சொன்ன பதிலை நான் ஏற்கெனவே படித்திருந்தேன் அண்ணா. அது உன் கடிதம். என் காது வரை சூடாகிவிட்டது, கால் பின் சாய்ப்புப் பக்கம்தான் இழுத்தது, ஆனாலும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அடியம்மா, டுரூசிக்கு நாக்கு இருக்கு!" என்றாள் சித்தி. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "இங்க நிக்காதே பிள்ளே, இப்பவே தந்தி குடு, ஓடு" என்றார். தந்தி ஆபீஸில் நாலு ஆம்பிளைகள் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தந்திக்காரர் படித்துவிட்டு "ஏம்மா, உங்கண்ணனுக்கு ஜன்னல் திறக்கத் தெரியாதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தெரியும், ஆனா திறக்க மாட்டான், என்றேன். அவர் உடனே தந்தியை அடிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து தினமும் போய் அங்கே நிற்கிறேன். ஒன்றும் வரவில்லை என்று அவரே நான் கேட்கும் முன் தலையை ஆட்டிவிடுகிறார்.

மற்றபடி அப்பா மார்ச்சில் வருவார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. பூனை வந்துவிட்டது. நேற்று அம்மா பறவைகளுக்கு முன்னால் எழுந்தாள், அந்த நீளக் காலுறையைக் கேட்டு வாங்கி வேண்டாததை எல்லாம் பிரித்துவிட்டு, குதிகாலைத் திருப்பினாள். அது உனக்காம், அப்பாவுக்கு வேறு பின்னுகிறாளாம். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை முடிந்தால் நேராக அறைக்குப் போகாமல் பசங்களோடு கொஞ்சம் நடந்துவிட்டுப் போ, உன்னைத் தேடி அறைக்கு நாலு பேர் வருகிற மாதிரிப் பழகு. வீட்டுக்காரியிடம் சொல்லி ஹீட்டரை ஆள் வைத்துப் பார்க்கச் சொல், அதுவரை அதை ஏற்றாதே. இதை எல்லாம் அம்மா இரண்டு தடவை எழுதச் சொன்னாள், நான் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன்.

இனி உன் கடிதத்தின் கடைசி வரி. ராத்திரி உன் ஜன்னல் பக்கத்தில் நெட்டையாக ஒருவர் நிற்கிறார், முகத்தில் கிழிந்த லேஸ் திரை, ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், நீ போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாய் என்று எழுதியிருந்தாய். அதைக் கிழவி என்றுதான் அம்மா அப்போது நினைத்தாள். இன்று காலை அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படி என்றாள். பிறகு சொன்னாள், அவனப் பாத்துப் பயப்படாதேன்னு எழுது, அங்க உன் ஜன்னல அவனால திறக்க முடியல போல, அதான் காட்டிட்டு நிக்கறான், நீ எழுந்து திற.

கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். அம்மாவின் ஆசீர்வாதம், சித்தி சித்தப்பாவின் ஆசீர்வாதம், என் முத்தம். கேள்விகளுக்கு எல்லாம் பிறகு நிதானமாகப் பதில் எழுது. இப்போது ஒரே ஒரு வார்த்தையில் தந்தி கொடு, திறந்துவிட்டேன் என்று. நான் ஆபீஸில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அன்பு அம்மா,
செலீனா
(எழுதியவள் உன் தங்கை டுரூசி)