புது பல்பும் கறுப்புப் பையும்

அன்புள்ள தூரேவுக்கு,

நீயும் உன் அண்ணன் ஈவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் லாரியும் சுகம். நீ போனை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதால் நான் பேனாவை எடுக்க வேண்டியதாகிவிட்டது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு பெரிய சேதி இருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், அதனால் நடுவில் தாவிப் படிக்காதே.

முதலில் லாரி. ஹெட்லைட்டுக்குப் புது எல்இடி பல்பு போட்டுவிட்டேன்! ஆமாம், நானேதான். நீ இல்லாமல் தனியாக மரம் ஏற்றிப் போகிறேன். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. ஏரி வளைவு நெருங்கும்போதெல்லாம் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். நவம்பரில் நீ பனிமான் கூட்டத்தில் மோதியது போல நானும் மோதிவிடுவேனோ என்ற பயம்தான், மறைப்பானேன். மந்தைக்காரி மாரெத் அங்கே பனிமான்களை மேய விட்டால், ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்கட்டும் என்று சாலையோரக் கம்பில் கறுப்புப் பையைக் கட்டுவாள். அந்தப் பை மட்டும் என் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பட்டறை லாகேவிடம் போய்க் கேட்டதற்கு, "உனக்கெதுக்கு இந்த வேலை? கொண்டாந்து விடு, நான் போட்டுத் தர்றேன்"னு இளக்காரமாகச் சிரித்தான். அவன் சிரித்ததாலேயே நானே போட்டேன். பல்பின் பின்னால் குட்டி மின்விசிறி இருக்கிறது, அதனால் பழைய ரப்பர் மூடி மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. கையுறையோடு வேலை ஓடவில்லை, கழற்றினால் விரல் மரத்துப்போனது. உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் எனக்கும் தெரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சுவிட்சைப் போட்டேன் பார், தூரே! இத்தனை வருஷம் நாம் வெண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகத்தான் ஓட்டியிருக்கிறோம். சாலை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. காட்டுக்குள் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நின்றது. லாரிக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு சின்னப் பெண் மாதிரி கூச்சல் போட்டேன்.

அந்தக் கூச்சல் எதிரில் ஒரு வண்டி வரும்வரைதான். நான் டிம் பண்ணிய பிறகும் அந்த ஆள் லைட்டை அடித்து அடித்துத் திட்டிவிட்டுப் போனான். லாகே வந்து பார்த்து, "அடிப்பாவி, எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சு போயிடும். நேரா வானத்துக்கு அடிக்குது பாரு"ன்னு தலையில் அடித்துக்கொண்டான். பட்டறைச் சுவரில் கோடு போட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்கிக் கொடுத்தான். அப்படியும் இந்த பல்பு வருடாந்திரச் சோதனையில் தேறாதாம். அப்போது கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இனி சேதிக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அணைக்குக் கீழே மாரெத்தின் பனிவண்டி நின்றுபோய், அவள் சாலையோரம் நின்றிருந்தாள். நவம்பருக்குப் பிறகு நானும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை, உனக்குத் தெரியும். அந்தக் குளிரில் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாதே. கதவைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்தாள். ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி விட்டேன். பிறகு அவள்தான், "என்னடி இது, லைட்டா சூரியனா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

ஏரி வளைவு வந்தது. "மெதுவா போ, மான் எல்லாம் இங்கதான் நிக்குது. காலையிலதான் பை கட்டினேன்" என்றாள். "எங்க?" என்று கேட்டேன். "அதோ" என்று கையை நீட்டியவள், நீட்டிய கையோடு அப்படியே இருந்தாள். சாலை பகல் போல் தெரிகிறது. கம்புகள் வரிசையாக நிற்கின்றன. பை எங்கேயும் இல்லை.

லாரியை நிறுத்தினேன். அவள் இறங்கி ஒவ்வொரு கம்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கம்பின் அருகில் நின்று கையுறையால் ஓங்கி அடித்தாள். வெள்ளையாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கறுப்புப் பை! அணையிலிருந்து தண்ணீர் பாய்வதால் அந்த வளைவில் ஏரி உறையாமல் ஆவி கிளம்புகிறதல்லவா, அந்த ஈரம் முழுக்கப் பையில் படிந்து உறைந்திருக்கிறது. காலையில் கட்டிய பை சாயங்காலத்துக்குள் வெள்ளைப் பை. வெள்ளைப் பனிக்கு நடுவில் வெள்ளைப் பையை யாரால் பார்க்க முடியும்?

மிச்சமிருந்த பனியையும் அவள் தட்டிவிட்டாள். திரும்பி வந்து ஏறினாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை. "அன்னைக்கும் இதே ஆவிதான் யோர்டிஸ். நான் கட்டின பை, இவ்வளவு வெளிச்சத்துல எனக்கே தெரியல. பழைய லைட்டுல தூரேவுக்கு எங்கருந்து தெரியும்? நான் என் மானுங்களுக்காக அழுதுட்டு, அந்த மனுஷன வண்டி ஓட்டுறப்போ தூங்கினான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்றாள்.

நீ தூங்கவில்லை, தூரே. ஊர் சொல்லிச் சொல்லி நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய். அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "நான் கண் அசந்துட்டேனா?" என்று என்னிடமே கேட்டாய். இப்போது சொல்கிறேன், நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய். உன் கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று நீ போட்ட சபதத்துக்குக் காரணமே இல்லை.

மறுநாள் காலை பெட்ரோல் பங்க்கில் எல்லாரும் காப்பி குடிக்கும் நேரம் பார்த்து மாரெத் உள்ளே வந்தாள். உட்காரக்கூட இல்லை. "எல்லாரும் கேட்டுக்கங்க. தூரே தூங்கல. பையில பனி பூத்திருந்துச்சு. நானே என் கண்ணால பாத்தேன். இனிமே எவனாவது அவனப் பத்திப் பேசினா, அவன் வீட்டு வாசல்ல என் மந்தைய ஓட்டி விடுவேன்" என்றாள். உன்னைப் பற்றி அதிகம் பேசியவன் லாகேதான். சர்க்கரையே போடாத காப்பியை அவன் கலக்கிக்கொண்டே இருந்தான். நான் சிரிப்பை அடக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தே சிரித்தேன்.

இப்போது மாரெத் பைக்குப் பக்கத்தில் மின்னும் நாடாவும் கட்டுகிறாள், இனி தினமும் போய்த் தட்டியும் விடுவாளாம். மந்தைக்காரர்கள் விருந்தாளிக்குத் தருவது போல, காப்பியில் பாலாடைக்கட்டி போட்டு உனக்குத் தன் கையால் கொடுக்க வேண்டுமாம். "எழுதிட்டா போதாது, ஆளையே கூட்டிட்டு வா" என்று எனக்கு உத்தரவு.

நீ இல்லாமல் வீட்டில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பல்பைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாளே என்று ஈவரிடம் கேலி பேசு, பரவாயில்லை, ஆனால் கிளம்பி வா. அடுத்த வாரச் சனிக்கிழமை ரயிலுக்கு முர்யேக் ஸ்டேஷன் வாசலில் லாரியோடு நிற்பேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். நான் பக்கத்து இருக்கையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓட்டுகிறவர் வந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும், அதனால் ரொம்ப நேரம் காக்க வைத்துவிடாதே.

என்றும் உன்,
யோர்டிஸ்