வெறுங்காலில் நிற்கும் மகளுக்கு

அன்பு மகள் சங்குக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவும் நானும் சுகம். என் இடது காது மட்டும் வழக்கம்போல நீண்ட விடுப்பில் இருக்கிறது. வலது காது அரை நாள் வேலை பார்க்கிறது. போனில் நீ சொல்வது எனக்கு வந்து சேர்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீ பாடப்போகும் ஊர்கள் என்று அனுப்பிய பட்டியலைப் பார்த்து, இரண்டு ஊர் தள்ளி இருக்கும் அரங்கத்தின் முகவரிக்குப் போடுகிறேன். நீ போய் இறங்கும்போது உனக்கு முன்னால் இது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசை.

சங்கு என்று எழுதியதற்கு அம்மாவுக்குக் கோபம். "உலகம் சுத்திப் பாடுற பொண்ணை இன்னுமா சங்குன்னு கூப்பிடுவீங்க? ஊதறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா?" என்கிறாள். நான் என்ன செய்வேன்? நீ பிறந்த அன்று பிரசவ அறைக்குள் இருந்து வந்த அழுகையைக் கேட்டு, ஆலையில் ஷிப்ட் முடிந்த சங்கு என்று நினைத்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றவன் நான். அன்றைக்கு எனக்கு இரண்டு காதும் ஒழுங்காக இருந்தன. தலைதான் ஒழுங்காக இல்லை.

நான் வேலை பார்க்கும் ஆலை ஸ்டோர் ரூமில் உன்னால் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஸ்பேனர் வாங்க வருகிறவர்கள்கூட உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். என்ன மாதிரி பாட்டு என்று லேத்காரர் கேட்டார். நீ சொல்லிக்கொடுத்தபடியே "சிம்போனிக் மெட்டல்" என்றேன். "மெட்டல்னா தகடாண்ணே, ராடாண்ணே?" என்றார். எனக்கே சரியாகத் தெரியாததால் "ரெண்டும் கலந்து" என்று சொல்லித் தப்பித்தேன். பிறகு வீடியோவைக் காட்டினேன். பின்னால் நாற்பது பேர் வயலினும் ஊதுகுழலுமாக, முன்னால் மூன்று பேர் தலைமுடியைச் சுழற்றிக்கொண்டு கிட்டாரோடு, நடுவில் நீ. தகடு அடிக்கும் பன்னிரண்டு பிரஸ் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும்போது நடுவில் ஒருத்தி தாலாட்டுப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் பாட்டு கேட்டுப் பழகிய காது எனக்கு.

அம்மா பதினெட்டு நாள் உட்கார்ந்து தைத்த கருப்பு கவுனைப் படத்தில் பார்த்துப் பூரித்துப்போனாள். ஆனால் அதன் ஓரத்தை நாலு இன்ச் குறைக்க எப்படி மடித்துத் தைப்பது என்று நீ கேட்டாயாமே. அன்றிலிருந்து அதே பேச்சு. "செருப்பு போடாம மேடையில நிக்கறா, அதான் தரையில இழுபடுது. நான் அளவு தப்பா எடுப்பேனா?" என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிறாள். நானும் படத்தில் பார்த்தேன். வெறுங்கால்தான். புது மோஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசினோமே, அதை நினைத்து ஒரு சிரிப்பு. நான் வலது காதைத் திரைக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீயும் வலது காதைத் திரைக்குக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். அப்பாவும் மகளும் அரை மணி நேரம் காதைக் காட்டிப் பேசினோம். முகத்தை யார் பார்த்தது? அம்மா கேட்டதற்கெல்லாம் நீ "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பாக இருந்தது. சும்மா ஒரு எண்ணம், விடு.

வேளைக்குச் சாப்பிடு. தொண்டையைப் பார்த்துக்கொள். காதையும்.

இப்படிக்கு,
உன் அரைக்காது அப்பா.

*

அன்பு மகளுக்கு,

போன கடிதம் உன்னைத் தேடி எந்த ஊரில் நின்றுகொண்டிருக்கிறதோ தெரியவில்லை. அதற்குள் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. ஸ்டோர் ரூம் கவுண்டரில், நட்டு போல்ட்டுத் தட்டுகளுக்கு நடுவில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஞாயிறு வீடியோவில் பேசும்போது உன்னைச் சோதித்தேன். காபி டம்ளரை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நீ என் உதட்டைப் பார்க்க முடியாதபடி, சாதாரணக் குரலில் சொன்னேன்: "அம்மாவுக்கு மீசை மொளைச்சிருக்கும்மா." நீ சிரித்துக்கொண்டே "ஆமாப்பா, ரொம்ப சந்தோஷம்" என்றாய். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. என் தோளில் ஒன்று வைத்தாள். "அப்பனும் மகளும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்றீங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டம்ளரைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சங்கு, அந்த "ஆமாப்பா" நான் கண்டுபிடித்த வித்தை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்து பிழைக்கிறேன். கேட்கவில்லை என்றால் சிரி, தலையாட்டு, ஆமாம் என்று சொல். பத்துக்கு எட்டு தடவை பொருந்திவிடும். பொருந்தாத இரண்டு தடவைக்கு ஆளைக் கோமாளி என்று நினைத்துக்கொள்வார்கள். நம் வீட்டில் நான் வேடிக்கையான ஆள் என்று பெயர் வாங்கியதே அப்படித்தான்.

அன்று மாலை லேத்காரர் அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்தேன். யாரோ ரசிகர் கூட்டத்தில் நின்று எடுத்தது. மூன்று வாரத்துக்கு முந்திய மேடை. மேடையில் நெருப்பு எழும்பும் இடம் பற்றி நீ முன்பே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். தீ போடுகிறவர் உன் காதில் இருக்கும் கருவியில் எண்ணிக்கொண்டு வருவார், எண்ணி முடிப்பதற்குள் நீ பாடிக்கொண்டே பின்னால் தரையில் இழுத்திருக்கும் வெள்ளைக் கோட்டுக்குப் போய்விடுவாய், பிறகு முன்னால் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும், அவ்வளவுதான் அப்பா, பயமே இல்லை என்றாய்.

வீடியோவில் நீ கோட்டுக்குப் போகவில்லை. கண்ணை மூடிப் பாடிக்கொண்டே நின்றாய். தீ எழும்பியது. நீளமுடிக் கிட்டார்காரர் பாய்ந்து உன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கவுனின் ஓரம் ஒரு நொடி சிவப்பாகத் தெரிந்தது. கூட்டம் அதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து ஆர்ப்பரித்தது. வீடியோவுக்குக் கீழே ஒருவர் "என்ன துணிச்சல்!" என்று எழுதியிருக்கிறார். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பதினான்கு தடவை பார்த்தேன்.

நாலு இன்ச். அம்மா அளவு தப்பாக எடுக்கவில்லை, இல்லையா?

பிறகுதான் உன் காலைப் பார்த்தேன். எனக்கு இடது காது போன பிறகு மெஷின் சரியாக அடிக்கிறதா என்று காதால் தெரியவில்லை. பாதுகாப்பு பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்து நின்றேன். அடி விழுவது உள்ளங்காலில் தெரியும். சூப்பர்வைசர் மூன்று தடவை திட்டினார். கால் வேர்க்கிறது என்று பொய் சொன்னேன். நீ மோஸ்தருக்காகச் செருப்பைக் கழற்றவில்லை. டிரம் அடிக்கிறவரின் தாளத்தை மேடைப் பலகையிலிருந்து பாதத்தில் வாங்கிக்கொள்கிறாய். பாட்டு தொண்டைக்குத் தெரியும், தாளம் காலுக்குத் தெரியும். தீ போடுகிறவரின் குரல்? அது எந்தக் கால் வழியாக வரும்?

உனக்குக் காதுக்குள்ளே ஊதுகிறதா? எனக்கு முதலில் வந்தது அதுதான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் ஆலைச் சங்கு மெல்லிசாக ஊதிக்கொண்டே இருந்தது. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு நாள் எழுந்தேன், போகவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே பிரஸ் மெஷினில் வேலை பார்த்த நெட்டை மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நெட்டை மாமாவின் வலது கையில் இரண்டு விரல் இல்லாதது உனக்குத் தெரியும். சின்ன வயதில் "மாமா, மிச்ச விரல் எங்கே?" என்று கேட்பாய். "வளர்ந்துக்கிட்டு இருக்கு" என்பார். மெஷினில் ஸ்பிரிங் உடைந்து போனது என்று வீட்டில் சொல்லியிருந்தோம். ஆலையில் விசாரணையிலும் அவர் அதையேதான் சொன்னார். ஸ்பிரிங் உடையவில்லை. மெஷினை இறக்கும் மிதியில் கால் வைத்து நின்றவன் நான். அவர் அச்சுக்குள் கையை விட்டு ஒட்டியிருந்த தகட்டுத் துணுக்கை எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்தபடியே என் இடது பக்கத்திலிருந்து "போடாதே" என்றார். எங்கள் பேச்சில் போடு என்றால் மெஷினை இறக்கு என்று அர்த்தம். எனக்கு "போடு" மட்டும்தான் கேட்டது.

சரியாகக் கேட்கவில்லை என்று எனக்கே தெரியும், சங்கு. அதுதான் என்னைத் தின்கிறது. முழுச் செவிடனாக இருந்திருந்தால் குனிந்து பார்த்திருப்பேன். அரைகுறையாகக் கேட்டது. இன்னொரு தடவை கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டுச் சிரிப்பு வாங்கியிருந்தேன். அதனால் "ஆமா ஆமா" என்று சொல்லி மிதித்தேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய், இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். மாமா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எழுதுடா. எடுத்த ரெண்டு விரலுக்கு இப்பவாவது ஒரு வேலை கொடு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஸ்பிரிங் என்று ஏன் சொன்னாய் என்று அப்போதாவது கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் மாமா டீ போட எழுந்து போய்விட்டார்.

பாடாதே என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாயுமில்லை, நீ கேட்கப்போவதுமில்லை. இன்னும் பத்தொன்பது மேடை என்று பட்டியலில் இருக்கிறது. நாற்பது பேர் வயலினோடு உன்னை நம்பி வந்திருக்கிறார்கள், தெரியும். நீ சொல்லிவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயப்படுவாய், அதுவும் தெரியும். நானும் அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள். நான் பயந்தபடியே நடந்தது, ஆனால் மாமாவின் விரல் போன பிறகு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அடுத்த தடவை மேடை ஏறுவதற்கு முன் தீ போடுகிறவரிடம் போய் நேராகச் சொல். காதில் எண்ண வேண்டாம், தரையில் ஒரு சிவப்பு விளக்கு வை, நான் கோட்டில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு போடு என்று சொல். அவரும் மெஷின் இயக்குகிறவர்தான். புரிந்துகொள்வார். நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் மிதியில் கால் வைத்திருந்தவர் என்று அவர்தான் காலம் முழுவதும் தூங்காமல் கிடப்பார். அவர் பாவம், சங்கு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு காது டாக்டரைப் பார். எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை, காது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தபாலில் போட்டால் இது வருவதற்குள் இரண்டு மேடை போய்விடும். எனக்குப் போனில் எழுத்தைத் தட்டத் தெரியாது. தட்டினாலும் நீ ஒரு சிரிக்கிற மூஞ்சியை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனைப் பிடிக்கவே எனக்கு இரண்டு கையும் வேண்டியிருப்பதால், இங்கே வந்திருக்கும் மாமா காகிதத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஓரத்தில் அவர் கை தெரிந்தால் படத்திலிருந்து வெட்டிவிடாதே. அதையும் சேர்த்துப் படி.

அடுத்த ஞாயிறு பேசும்போது ஏதாவது கேட்பேன். டம்ளரை வைத்துக்கொள்ள மாட்டேன், சத்தியம். கேட்டால் பதில் சொல். கேட்காவிட்டால் சிரிக்காதே, ஆமா சொல்லாதே. "கேக்கலப்பா" என்று சொல். நான் ஒரு தடவைகூடச் சொல்லத் தெரியாமல் போன வார்த்தை அது. நீ சொன்னால் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். நானும் அன்றைக்கே அவளிடம் ஸ்பிரிங் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்.

நீ எந்த மேடையில் நின்றாலும் தீ உன்னைவிட்டு ஓரடி தள்ளியே நிற்கட்டும். உன் குரல் உனக்கே கேட்கட்டும்.

பதில் போடு, கண்ணு. ஒரே வார்த்தை போதும். என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உனக்குக் கேட்கும் வரை சொல்லிக்கொண்டே இருக்கப்போகும்
அப்பா.